பாட்டி பட்ட பசி

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். மூக்கு யார் சாடை, நிறம் யார் சாடை என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தாய் பட்ட பசியும் பிள்ளையின் உடம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மானியர் தடுத்துவிட்டார்கள். பஞ்சம் முற்றியபோது ரேஷனில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 400 முதல் 800 கலோரிதான். ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள்.

அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஐம்பது வயசில் அவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பஞ்ச காலத்தில் கருவானவர்களை 2008-ல் அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேல் இருக்கவேண்டிய ரசாயன அடையாளம், அறுபது வருஷம் ஆன பிறகும், இவர்களுக்குக் குறைவாகவே இருந்தது!

சமையல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறவில்லை, எந்தப் பக்கத்தைப் புரட்டு, எதைத் தள்ளு என்று வைத்த அடையாளம்தான் மாறியது. எலிகளுக்கும் இப்படித்தான். சினை எலிக்கு ஃபோலிக் அமிலம், பி12 போன்ற சத்துக்களைக் கூடுதலாகக் கொடுத்தால், மஞ்சளாய்க் கொழுக்கவேண்டிய குட்டிகளில் பல பழுப்பு நிறத்தில் இருந்தன என்று 2003-ல் கண்டார்கள்.

இன்னொரு அதிசயம். பெண் சிசுவின் கருமுட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. ஆகவே பாட்டியின் சாப்பாடு மகளுக்கு மட்டுமா? பேத்தியின் விதைக்கும் அதுதான் ஊட்டம். மனிதர்களில் அந்த அடையாளம் பேரப்பிள்ளை வரை தொடருமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. பிள்ளை வரை எட்டுவது நிச்சயம்.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் தாயால் வந்தது" என்று யாரும் ஆரம்பித்துவிடக் கூடாது. அந்த நெதர்லாந்துத் தாய்மார் வேண்டுமென்றா பட்டினி கிடந்தார்கள்? சோற்றை அடைத்தவர்கள் வேறு யாரோ.

நம் வீடுகளிலும், "நிறையச் சாப்பிடாதே, குழந்தை பெரிசாயிட்டா பிரசவம் கஷ்டம்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துக்கொள்ளும் பிள்ளைத்தாச்சிகளும் இருக்கிறார்கள். மாமியார்களே, கணவன்மார்களே, அவளுக்கு முதலில் இலை போடுங்கள். கீரையும் பருப்பும் தாராளமாக வையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் வாங்கிக் கொடுங்கள்.

அவள் இலையில் வைக்கும் ஒரு கரண்டி, பிள்ளையின் ஐம்பது வயசுக்கும் சேர்த்துத்தான்.