காற்பங்குக் கல்வி

பவணந்தி முனிவர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் மட்டும் உணர்த்தும் நூல் அன்று. கற்கும் முறையையும் அதன் பாயிரம் உணர்த்தும். ஆசிரியர் உரைத்ததை ஒரு மாணாக்கன் நன்கு கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டும் புலமை காற்பங்கே என்பது அந்நூலின் கணக்கு. மற்றொரு காற்பங்கு, உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் வருவது. எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புவது. வகுப்புத் தோழரின் கட்டுரையைப் படித்துக் கருத்துரைக்கும் மாணவர் அந்த இரண்டாம் காற்பங்கையே ஈட்டுகின்றனர். ஆதலின் அஃது ஆசிரியரின் சுமையைக் குறைக்க வந்த ஏற்பாடு என எண்ணுதல் தவறு.

ஆயினும் இப்பணி பெரும்பாலும் இரு வகையில் கெடுகின்றது. தோழரின் மனம் நோகுமே என்று அஞ்சி, ஏட்டின் அடியில் ‘மிக நன்று’ என்று எழுதி மூடிவிடுவோர் ஒரு சாரார். ஒற்று மிகாத இடங்களையும் ரகர றகர மயக்கங்களையும் மட்டுமே தேடிச் சிவப்பு மையால் சுழித்து, ஏட்டைப் புண்ணாக்கித் தருவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள் முன்னவரே மிகுதியும் தீங்கு செய்வோர். சுழித்த பிழையையேனும் திருத்திக்கொள்ளலாம். ‘மிக நன்று’ என்பதை வைத்துக்கொண்டு எதனைத் திருத்துவது? இனி, நக்கீரர் கதையைச் சொல்லிக் கடுஞ்சொல்லே திறனாய்வு என வாதிடுவோரும் உளர். அக்கதையில் நக்கீரர் செய்தது, குற்றம் பொருளில் உள்ளது என்று இடம் சுட்டியதே ஆகும்.

முடிச்சூரில் வாழும் மாணவி ஒருத்தி 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றாள் எனக் கொள்வோம். அவ்வாண்டின் இறுதியில் பெருமழையால் அடையாறு கரைபுரண்டு அவ்வூர் வீடுகளுள் புகுந்தது. மக்களைப் படகுகளில் ஏற்றி மீட்க நேர்ந்தது. தன் வீட்டார் பட்ட துன்பத்தைப் பெரியோர் வாயிலாக அவள் கேட்டு அறிந்திருக்கின்றாள். ‘செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததனால் முடிச்சூர் மூழ்கிற்று’ என்பது அவள் கட்டுரையின் உயிரான வாக்கியம். அதில் எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழையும் இல்லை. சிவப்பு மைக்கு அங்கு வேலையே இல்லை. ஆனால், பொருள் பொருந்துமா? ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகளிலிருந்து வழியும் நீரைப் பெற்ற அடையாறு, முடிச்சூர்ப் பக்கமாக ஓடிய பின்னரே திருநீர்மலையை அடைகின்றது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அவ்வாற்றிற் கலப்பது அத்திருநீர்மலைக்கு அருகில். கீழே வந்து சேரும் நீரை மேலே உள்ள ஊரின் வெள்ளத்திற்கு முதற்காரணம் ஆக்குதல் எங்ஙனம் பொருந்தும்? நூலுக்குரிய பத்து அழகுகளுள் ‘உலகம் மலையாமை’ என ஒன்றை நன்னூல் வைத்தது இத்தகைய இடங்களுக்காகவே.

இதனைக் கண்ட தோழி அவ்வாக்கியத்தை அடித்துவிட்டுத் தன் வாக்கியத்தை எழுதிவிடல் ஆகாது. கட்டுரை எழுதியவளுக்கே உரியது. ‘செம்பரம்பாக்கத்து நீர் ஆற்றில் எங்கே சேர்கின்றது?’ என ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வினா எழுதினால் போதும். அவ்வினா அவளை வரைபடத்திற்கும், வெள்ளத்தை நேரிற் கண்ட முதியோரிடத்தும் அனுப்பும். நீர் ஏறிய அளவைப் பாட்டி சுவரில் கரியால் கோடிட்டுக் குறித்த செய்தி கட்டுரையில் இருக்குமாயின், அது வெள்ளத்தைக் கண்முன் நிறுத்துகின்றது என்று காரணத்தோடு பாராட்டலாம். இறுதியில் நீரின் பெருமை அரைப்பக்கம் நீளுமாயின் ‘மற்றொன்று விரித்தல்’ என்று குறிக்கலாம். நன்னூல் கூறும் குற்றத்தின் பெயர் அது. எழுத்துப்பிழைகளை இவற்றின் பின் பார்த்தல் தகும்.

தோழி கூறும் யாவற்றையும் எழுதியவள் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. நூலுக்குரிய ஏழு மதங்களுள் உடன்படலோடு மறுத்தலும் ஒன்று. பாட்டி கோடிட்ட செய்தியைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைக்குமாறு தோழி சொன்னால், காரணம் காட்டி அவள் மறுக்கலாம். திருநீர்மலை வினாவிற்கோ அவ்வாறு மறுப்பதற்கு இடம் இல்லை; வரைபடத்தைக் கண்டபின் அவ்வாக்கியத்தை அவள் மாற்றியே ஆகவேண்டும்.