குடலுக்கு இரத்தம் குறையும்போது: முதல் மணி நேரங்களில் நீங்கள் அறிய வேண்டியவை

நெஞ்சுவலி மாரடைப்பாக இருக்கலாம் என்பதை இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. முகம் கோணினாலோ ஒரு கை செயலிழந்தாலோ பக்கவாதம் என்று உடனே விரைகின்றனர். 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின் வழியாக, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் சிற்றூர்களின் சுகாதார நிலையங்கள் வரை சென்றடைந்துள்ளன. ஆனால், இதயத்திலும் மூளையிலும் ஏற்படும் அதே இரத்தக் குழாய் அடைப்பு குடலிலும் ஏற்படலாம் என்பது பரவலாக அறியப்படவில்லை. வயிற்றுவலி என்றால் வாயு, புளித்த ஏப்பம், ஒவ்வாத உணவு என்றே முதலில் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத சில வேளைகளில் நோயாளியின் உயிர் சில மணி நேரங்களைப் பொறுத்தே அமைகிறது. அந்தச் சில வேளைகளை அடையாளம் காண இப்பக்கம் உங்களுக்கு உதவும்.

இது என்ன நோய்?

குடலுக்கு மூன்று தமனிகள் இரத்தம் கொண்டு செல்கின்றன. அவற்றுள் நடுவில் உள்ள தமனியே சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலப்பகுதிக்கும் இரத்தம் வழங்குகிறது. இதில் அடைப்போ சுருக்கமோ ஏற்பட்டு, குடலுக்குத் தேவையான இரத்தம் கிடைக்காத நிலையை மருத்துவர்கள் 'மெசென்டெரிக் இஸ்கீமியா' என்பர். மக்கள் வழக்கில் 'குடல் அடைப்பு' எனப்படுவது வேறு. அதில் உணவு செல்லும் பாதை அடைபடுகிறது. இங்கே அடைபடுவது இரத்தம் செல்லும் பாதை.

மதுரைச் சமவெளியின் வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். தலைமடையில் தண்ணீர் நின்றால் கடைமடை வயல்கள் காய்கின்றன. வாய்க்கால் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தூர்ந்தால் தண்ணீர் பக்கக் கால்களைத் தேடிக்கொள்ள அவகாசம் உண்டு. ஒரே நொடியில் அடைத்தால் அந்த அவகாசம் இல்லை. குடல் தமனியும் அவ்வாறே. திடீரென முழுமையாக அடைபட்டால், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் குடற்சுவரின் சேதம் மீளாநிலையை எட்டக்கூடும்.

இதற்கு நான்கு காரணங்கள் உள்ளன. இதயத்தில் உருவான இரத்தக் கட்டி பெயர்ந்து வந்து தமனியை அடைப்பது முதலாவது; ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுவே காரணம். கொழுப்புப் படிந்து குறுகியிருந்த தமனியில் அவ்விடத்திலேயே இரத்தம் உறைவது இரண்டாவது. குடலிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையில் உறைவு ஏற்படுவது மூன்றாவது. அடைப்பு ஏதுமின்றி, கடும் நோய்த்தொற்று, இதயச் செயலிழப்பு, டயாலிசிஸ் போன்ற சூழலில் இரத்த அழுத்தம் தாழ்ந்து குடல் வாடுவது நான்காவது.

ஏன் இப்போது இதை அறிய வேண்டும்?

இது அரிய நோய். அவசர அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இது இருக்கும். ஆயினும் இந்நோய்க்கு வழிவகுக்கும் நிலைகள் பெருகி வருகின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 31.5 கோடிப் பேர் உயர் இரத்த அழுத்தத்துடனும் வாழ்வதாக மதிப்பிட்டது. இவ்விரண்டும், புகைபிடித்தலும், முதுமையும் தமனிகளைக் குறுக்குகின்றன. மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் மீண்டு வாழ்வோர் பெருகியுள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களே குடல் தமனி அடைப்புக்கும் உள்ளாகக் கூடியவர்கள்.

இது முதியோரின் நோய் மட்டுமன்று. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இளம் வயதிலேயே இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, இதயத்துள் இரத்தம் உறையலாம். சிரை வகை நோய், இரத்தம் எளிதில் உறையும் தன்மை கொண்ட இளையோரிடமும், கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. கருத்தடை மாத்திரைகளும், கடும் வெயிலில் உடலின் நீர் வற்றுவதும் இதற்குத் துணைபோகலாம்.

முதல் அடையாளம்: வலி கடுமை, வயிறு மென்மை

இந்நோயை அறிவது கடினமாக இருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. இரத்தம் குறையும்போது குடலின் உட்புறச் சவ்வே முதலில் வாடுகிறது. வெளிப்புறம் நெடுநேரம் கழித்தே பாதிக்கப்படுகிறது. ஆகவே நோயாளி வலியால் துடிப்பார். ஆனால் வயிற்றை அழுத்திப் பார்த்தால் மென்மையாகவே இருக்கும். வயிறு கல்போல் இறுகுவது நோய் முற்றிய பிறகே.

பார்ப்பவருக்கு இது மிகைப்படுத்தல்போலத் தோன்றலாம். குறிப்பாக முதியவர்களை, "சும்மா புலம்புகிறார்" என்று குடும்பத்தாரே எண்ணிவிடுவது உண்டு. ஆனால் உலக அவசர அறுவைச் சிகிச்சைச் சங்கம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதற்கு நேர்மாறாகக் கூறுகிறது: பரிசோதனையில் தென்படுவதற்குப் பொருந்தாத அளவு கடுமையான வயிற்றுவலியை, வேறு என்று மெய்ப்பிக்கப்படும் வரை, குடல் இரத்த ஓட்டக் குறைவாகவே கருத வேண்டும். நோயறிதல் 6 மணி நேரம் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் இறப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றும் இத்துறை வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர்.

வலி தொடங்கியவுடன் வாந்தியோ, திடீரென மலம் கழியும் உணர்வோ, வயிற்றுப்போக்கோ ஏற்படலாம். இதனால் உணவு நஞ்சாதல் என்று தவறாகக் கருதப்படுகிறது. மலத்தில் இரத்தம் கலந்து வருவது பிந்தைய அறிகுறி. அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நீண்டகால நீரிழிவு உள்ள முதியோரிடம் வலி குறைவாகவும் மனக்குழப்பமும் சோர்வும் மிகுதியாகவும் தென்படலாம்.

வலி குறைந்தால் குணமாகிவிட்டதா?

அவ்வாறு முடிவு செய்துவிடாதீர்கள். கடும் வலிக்குச் சில மணி நேரங்களுக்குப் பின் ஓர் அமைதி வரலாம். குடற்சுவரின் நரம்பு நுனிகள் செயலிழப்பதால் வருகின்ற அமைதி அது. "ஊசி போட்டதும் தேவலை" என்று வீடு திரும்பிய நோயாளி, இரவில் வயிறு உப்பி, இரத்த அழுத்தம் தாழ்ந்த நிலையில் மீண்டும் கொண்டுவரப்படுவது இந்த இடைவெளியினால்தான். இதய நோயோ ஒழுங்கற்ற துடிப்போ உள்ள ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி வந்து தணிந்தாலும், அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

எந்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும்?

"ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை" என்ற சொல் பல குடும்பங்களுக்கு ஆறுதல் தருகிறது. அது எந்த ஸ்கேன் என்று கேளுங்கள். வயிற்றின் மேல் பசை தடவி எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட், பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் நன்கு காட்டும். குடல் தமனியின் அடைப்பை அது தவறவிடலாம். உப்பிய குடலிலுள்ள வாயு அதன் பார்வையை மறைக்கும். எக்ஸ்ரே இயல்பாக இருப்பதும் இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றன்று. இரத்தத்தில் லாக்டேட் அளவு உயர்வது ஓர் எச்சரிக்கை. ஆனால் தொடக்கத்தில் அதுவும் இயல்பாக இருக்கலாம்.

இந்நோயைக் கண்டறிவதற்கு முதன்மையான பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம். கை நரம்பில் மருந்து செலுத்தி, இரத்தக் குழாய்களைச் சில நிமிடங்களில் படமெடுக்கும் முறை இது. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. இதற்குப் போதுமானதன்று. கிரியாட்டினின் கூடுதலாக உள்ளவர்கள் சிறுநீரகத்தை எண்ணி அஞ்சுவது இயல்பே. எனினும் குடல் தமனி அடைப்பு என்ற வலுவான ஐயம் இருக்கும்போது, பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடே பெரிது என்பது மேற்கூறிய வழிகாட்டுதலின் நிலைப்பாடு. மருத்துவர் பரிந்துரைத்தால் தயங்காமல் ஒப்புதல் அளியுங்கள்.

விரைவு என்ன தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சில் பாரிசை அடுத்த கிளிஷி நகரின் போழோன் மருத்துவமனையில், மூளைப் பக்கவாதப் பிரிவுகளைப் போலவே, குடல் இரத்தக் குழாய் அவசரங்களுக்கென 24 மணி நேரமும் இயங்கும் தனிப்பிரிவு 2016 முதல் செயல்படுகிறது. அதன் அடிப்படைக் கருத்து எளிது: குடல் இறந்த பின் வெட்டி எடுப்பதைவிட, இறக்குமுன் இரத்த ஓட்டத்தை மீட்பது.

உணவு உண்டபின் வரும் வலி

சிலருக்குத் திடீர் அடைப்புக்குப் பல மாதங்கள் முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. உண்ட 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றின் நடுவில் வலி தொடங்கி, ஓரிரு மணி நேரத்தில் தணியும். உணவு செரிக்கக் குடலுக்குக் கூடுதல் இரத்தம் தேவை. குறுகிய தமனியால் அதைத் தர இயலாது. வலிக்கு அஞ்சி நோயாளி உணவைக் குறைப்பார், உடல் மெலியும். வயிற்றுப்புண் மாத்திரைகளால் பயன் இராது. எண்டோஸ்கோபி இயல்பாக இருந்தும், உணவுக்குப் பின் வலியும் எடைக் குறைவும் தொடர்ந்தால், குடல் தமனிகளைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்நிலையிலேயே கண்டறிந்தால் ஸ்டென்ட் பொருத்தி அடைப்பைச் சரிசெய்ய வாய்ப்புண்டு.

சிம்மக்கல்லில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

சிம்மக்கல்லில் வாழ்வோருக்கு வைகையின் மறுகரையிலேயே அரசு இராஜாஜி மருத்துவமனை உள்ளது. தொலைவு குறைவுதான். நேரம் கரைவது பெரும்பாலும் பாலத்தைக் கடக்கும் முன்னரே: ஓமத் தண்ணீர், சோடா, மருந்துக் கடை மாத்திரை, குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிடுதல், காலை வரை பொறுத்துப் பார்த்தல் என்று. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பகுதியினருக்குச் சாலைத் தொலைவும் சேர்வதால் முடிவெடுக்கும் நேரம் இன்னும் சுருங்க வேண்டும். சித்திரைத் திருவிழாவின்போது ஆற்றங்கரைச் சாலைகளில் போக்குவரத்து மாற்றப்படுவதையும் நினைவில் கொண்டு, சொந்த வாகனத்தைவிட 108 ஊர்தியை நாடுவது நன்று.

வழியில் நோயாளிக்கு உணவோ நீரோ தர வேண்டாம். பேதி மருந்தும் எனிமாவும் கூடாது. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வயிற்றுவலிக்குத் தாமாகக் கொடுக்கக் கூடாது. அவசரப் பிரிவில் பின்வருவனவற்றை முதலிலேயே தெரிவியுங்கள்:

1. வலி தொடங்கிய சரியான நேரம். திடீரெனத் தொடங்கியதா, மெல்லக் கூடியதா.
2. ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, வால்வு நோய், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ், முன்பு ஏற்பட்ட இரத்த உறைவு ஆகியவற்றுள் எவை உள்ளன.
3. இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை உண்கிறாரா, அண்மையில் நிறுத்தினாரா.
4. ஏற்கெனவே போட்ட ஊசிகள், எடுத்த ஸ்கேன்கள்.

பின்னர், "குடலின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கக்கூடுமா?" என்று பணிவுடன் கேளுங்கள். இக்கேள்வி மருத்துவரின் பணியில் குறுக்கிடுவது ஆகாது. அவர் தேட வேண்டிய திசையை அது சுட்டும்.

சிகிச்சையும் செலவும்

நரம்பு வழியே திரவம், ஹெப்பாரின், நோய்த்தொற்று எதிர்ப்பு மருந்துகள் ஆகியவை முதலில் தொடங்கப்படும். பின்னர் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தியோ, அறுவை செய்தோ கட்டி அகற்றப்படும். இறந்த குடற்பகுதி இருப்பின் அது வெட்டியெடுக்கப்படும். ஒன்றிரண்டு நாட்களில் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பது திட்டமிட்ட நடவடிக்கையே. முதல் அறுவை தோற்றது என்று பொருளன்று. சிரை வகையில் குடல் பிழைத்திருந்தால் பலருக்கு மருந்தே போதுமானதாகிறது. சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஊட்டச்சத்துச் சிக்கல் தொடரும். முதல் மணி நேரங்களின் மதிப்பு அப்போதுதான் முழுமையாகத் தெரியவரும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவை கிடைக்கவில்லை என்று புறப்படுவதைத் தாமதிக்காதீர்கள்.

வராமல் காக்கும் வழி

ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவதற்கோ விரதத்துக்கோ நிறுத்தும் முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும். வார்ஃபரின் வகை மாத்திரை உண்போர் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டும். ருமாட்டிக் வால்வு நோயும் ஒழுங்கற்ற துடிப்பும் உள்ளவர்கள், பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைக்குத் தாமாக மாறிவிடக் கூடாது. அத்தகையோருக்குப் பழைய வகையே மேலான பாதுகாப்பு தந்ததை 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை, 2021 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையிலுள்ள 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிலேயே பெறலாம். புகையிலையை விடுவது எல்லா வயதினருக்கும் பயன் தரும்.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். இப்பக்கத்தின் தகவல்கள் விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.