வாசல் வரை வரும் மார்க்கு

மே மாதம் பிறந்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான சூடு. ஒன்று கத்திரி வெயில். இன்னொன்று பிளஸ் டூ ரிஸல்ட். கத்திரியாவது மூன்று நாலு வாரத்தில் ஓய்ந்துவிடும். ரிஸல்ட் சூடு அப்படி லேசில் தணிவதில்லை. மாடி வீட்டு மாமி கேட்பாள், கீரைக்காரி கேட்பாள். வருஷம் முழுவதும் நம்மை நினைத்துப் பார்க்காத உறவினர்கூட அன்று மட்டும் ஞாபகமாகப் போன் செய்து, "குழந்தை எவ்வளவு?" என்று விசாரிப்பார். குழந்தையின் எடையைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றும். இல்லை, மார்க்கைத்தான்!

மூன்று வருஷங்களுக்கு முன் என் ஒன்றுவிட்ட தமக்கை வீட்டிலும் இப்படித்தான் போன் மணி ஓயாமல் அடித்தது. அவள் பெண் 600-க்கு 581 வாங்கியிருந்தாள். கணக்கில் மட்டும் 98. தெரு முழுவதும் சர்க்கரைப் பொங்கல். நானும் என் பங்குக்கு, "அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று எங்கள் வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். வெளியூர் இன்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. புதுப் பெட்டி, புது வாளி, ஊறுகாய் ஜாடி சகிதம் பெண்ணை ஹாஸ்டலில் கொண்டு விட்டுவிட்டு வந்தார்கள்.

முதல் செமஸ்டர் முடிந்தது. "ரிஸல்ட் என்ன ஆயிற்று?" என்று கேட்டபோதெல்லாம், "இன்னும் வரவில்லை" என்றே பதில் வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பெண் வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து போயிருந்தது. தட்டில் போட்ட சாதம் அப்படியே இருந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்தவள், சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள்:

"ரிஸல்ட் வந்து ஒரு மாசம் ஆச்சு, சித்தி. கணக்கிலேயும் பிஸிக்ஸிலேயும் அரியர்."

தூக்கிவாரிப் போட்டது. "98 வாங்கினவளா? ஏனம்மா, படிக்கவில்லையா?"

"புஸ்தகத்தைத் திறந்து வெச்சுண்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எங்கே ஆரம்பிக்கிறது, எதை விடறதுன்னு ஒண்ணும் புரியலே. எனக்குப் படிக்கவே தெரியலே, சித்தி."

581 மார்க்கு வாங்கிய பெண் சொல்கிறாள், தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று! சகோதரிகளே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மெள்ள மெள்ள விஷயம் விளங்கிற்று. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு வருஷமும் அவள் எப்படிப் படித்தாள், தெரியுமா? விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுப்புவாள். கையில் காப்பி. அன்றைக்கு எந்தப் பாடம் என்று சுவரில் ஒட்டிய அட்டவணை சொல்லும். எந்தக் கேள்வி முக்கியம் என்று டியூஷன் வாத்தியார் கோடு போட்டுக் கொடுத்திருப்பார். விடை அச்சடித்த நோட்ஸில் இருக்கும். தினம் ஒரு டெஸ்ட். பையை அடுக்குவது அம்மா. பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்ப்பது அப்பா. பெண்ணுக்கு மிஞ்சிய ஒரே வேலை மனப்பாடம். அதை அவள் குறையில்லாமல் செய்தாள். கல்லூரியில் அலாரமும் இல்லை, அட்டவணையும் இல்லை, கோடு போட்டுக் கொடுக்க ஆளும் இல்லை. தடிமனான புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.

"நான் அவளுக்கு எல்லாம் செய்தேனே!" என்று என் தமக்கை அழுதாள். அவள் சொன்னதிலேயே பதிலும் இருந்தது. ஆனால் அழுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? நான் வாய் திறக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டும் பள்ளிகள் இருந்தன. இதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-ல் அதைக் கைவிடுவதென அரசு முடிவு செய்துவிட்டது. தேர்வு போகலாம், பாடம் போகலாமா? அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் அஸ்திவாரம் போடப்படுகின்றன. இன்ஜினீயரிங் முதல் வருஷக் கணக்கு அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. நீட், ஜே.இ.இ. தேர்வுகளிலும் இரண்டு வருஷப் பாடமும் வரும். ஆகவே பள்ளிக்கூடம் தேடும்போது, "உங்கள் ரிஸல்ட் எத்தனை சதவிகிதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பிளஸ் ஒன் பாடத்தை முழுசாக நடத்துகிறீர்களா?" என்றும் கேளுங்கள்.

"அப்படியானால் மார்க்கே வேண்டாம் என்கிறீர்களா?" என்று யாராவது சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை. இன்ஜினீயரிங் கவுன்ஸலிங்கில் கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அரை மார்க்கில் கல்லூரி மாறிவிடுகிறது. வாசல் கதவைத் திறக்க அந்தச் சாவி வேண்டியதுதான்.

மார்க்கு வாங்காத பிள்ளைகள் சிலர் உடனே கணித மேதை ராமானுஜனைத் துணைக்கு அழைப்பார்கள். "அவர் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவே இல்லையே!" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அதனால் அவர் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அது போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேற முடியவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைக்கும் வரை நிலையான வருமானமின்றி அலைந்தார். பட்டம் இல்லாத குறையை அவர் தாண்டியது எதனால்? பக்கம் பக்கமாகத் தானே கணக்குப் போட்டு நிரப்பிய நோட்டுப் புத்தகங்களால். நம் வீட்டுப் பிள்ளை ராமானுஜனைச் சாட்சிக்கு அழைத்தால், "சரியப்பா, உன் நோட்டுப் புத்தகம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்!

பள்ளிப் படிப்பு என்பது கைவிட்டுப் போகாத சொத்து என்பதற்கு நம் பெண்களிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. லலிதா. பதினைந்து வயதில் விவாகம். அந்த நாளில் அதோடு பெண்ணின் படிப்புக்கு மங்களம் பாடிவிடுவார்கள். ஆனால் அவர் பத்தாவது வரை படித்து முடித்தார். பதினெட்டு வயதில் கணவர் காலமானார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. உலகமே இருண்டு போன அந்த வேளையில், முடித்து வைத்திருந்த பள்ளிப் படிப்பு கைகொடுத்தது. ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறி, 1940-ல் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். தகப்பனார் அங்கே பேராசிரியராக இருந்தது உதவியாயிற்று என்பது உண்மைதான். ஆனால் பரீட்சையை அவரா எழுதினார்? லலிதா எலெக்ட்ரிகல் இன்ஜினீயராக வெளியே வந்தபோது, அவருடைய சர்டிபிகேட்டில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்ததாம். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கு அவர் அழைக்கப்பட்டார். பத்தாவதோடு நின்றிருந்தாலும் சரி, பத்தாவதற்கு முன்பே நின்றிருந்தாலும் சரி, இந்தக் கதை இல்லை.

ஆக, மார்க்கு நம்மை வாசல் வரை கொண்டு விடும். உள்ளே போய் நடப்பதற்குப் பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரப் பள்ளி மாணவர்களைப் பற்றி 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கல்லூரிப் படிப்பை யார் முடிப்பார்கள் என்பதை எது நன்றாகக் காட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்து எழுதும் ஏ.சி.டி. தேர்வா? உயர்நிலைப் பள்ளியில் வருஷக் கணக்கில் பல ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரியா? சராசரிதான் ஐந்து மடங்கு வலுவாகக் காட்டியது. காரணம் ஊகிக்கக் கூடியதே. தினம் வகுப்புக்குப் போவது, வீட்டுப் பாடத்தை நாளைக்கென்று ஒத்திப் போடாமல் முடிப்பது, பிடிக்காத பாடத்தையும் விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அந்தச் சராசரிக்குள் அடங்கியிருக்கின்றன.

சரி, தாய்மார்கள் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அலாரம் கடிகாரத்தைக் குழந்தையின் தலைமாட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் பஸ் தவறும். தவறட்டும். மூன்றாம் நாள் தானே எழுந்திருக்கும். ஹாஸ்டலில் போய்க் கற்றுக்கொள்வதைவிட இங்கே கற்றுக்கொள்வது மலிவு. பையை அடுக்குவதும், இன்று எந்தப் பாடம் என்று தீர்மானிப்பதும் அப்படியே.

அடுத்தது, படிக்கும் முறை. நம் குழந்தைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடி ஆடி நாலு தடவை வாசிப்பார்கள். நமக்கும் பார்க்கப் பூரிப்பாக இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரு கோஷ்டி மாணவர்கள் ஒரு பாடத்தை நாலு முறை வாசித்தார்கள். இன்னொரு கோஷ்டி ஒரு முறை வாசித்து, பிறகு பாடத்தைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்கு 83 சதவிகிதம் ஞாபகம்; எழுதியவர்களுக்கு 71. "பார்த்தீர்களா, வாசிப்பதே மேல்!" என்று அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். வாசித்தவர்களுக்கு 40-தான் மிஞ்சியது. எழுதியவர்களுக்கு 61 இருந்தது! ஆகவே புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். செலவில்லாத டியூஷன் இது.

மூன்றாவது, வாரத்துக்கு ஒரு பாடமாவது ஆசிரியர் நடத்துமுன் குழந்தை தானே வாசித்துப் பார்க்கட்டும். சாயந்திரம் நீங்கள் வெண்டைக்காய் நறுக்கும்போது அதை உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமலிருந்தால் இன்னும் விசேஷம். "இது எனக்குப் புரியவில்லையே, திரும்பச் சொல்லு" என்று நீங்கள் கேட்கும் இடத்தில்தான் குழந்தைக்கும் புரிந்திராது. அதை மறுநாள் அதுவே போய் ஆசிரியரைக் கேட்கட்டும். நீங்கள் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் கொஞ்சம் மார்க்கு குறையத்தான் செய்யும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு டெஸ்டில் 40 வந்தால் குடி முழுகிப் போகாது. அதிலிருந்து எழுந்திருக்கத் தெரிந்துகொண்டால் அது லாபக் கணக்கு.

எங்கள் பெண்ணின் கதையைப் பாதியில் விட்டேன். விஷயம் அம்மாவுக்குத் தெரிந்து, இருவரும் சேர்ந்து அழுது, ஒருவாறு தெளிந்தார்கள். பெண் கூச்சத்தை விட்டு மூத்த வகுப்பு மாணவி ஒருத்தியிடம் போய், "எப்படிப் படிக்க வேண்டும்?" என்று கேட்டாளாம். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைக் கொரியரில் வரவழைத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். சுலபமாக இருக்கவில்லை. பிஸிக்ஸ் அடுத்த முறையே தேறிவிட்டது. கணக்கு அதற்கும் அடுத்த முறைதான் தேறிற்று.

போன மாதம் என் தமக்கை வந்திருந்தாள். காப்பி குடித்துக்கொண்டே, "குழந்தை இந்த செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் பாஸ்" என்றாள். மார்க்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "நாலு மணிக்கு நான்தான் இன்னும் முழித்துக்கொள்கிறேன், பழக்க தோஷம்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

உங்கள் வீட்டில் அலாரம் யார் தலைமாட்டில் இருக்கிறது? எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.