கற்பிட்டியில் பிறந்த எழுத்தாளர்

ஞாயிறுதோறும் இப்பகுதியைப் படித்துவரும் மாணவ நண்பர்கள் எமக்கு எழுதும் கடிதங்களிற் பல, ஒரே வினாவைத் தாங்கி வருகின்றன. "எழுத்தாளனாக வேண்டும் என்பது என் ஆசை. பெற்றோரோ உத்தியோகத்துக்குப் படி என்கிறார்கள். யாது செய்வது?" என்பதே அவ்வினா. இதற்கு இரண்டு வரியில் விடை எழுதிவிடலாம். ஆனால், அத்தகைய விடையால் எவருக்கும் பயன் விளைந்ததாக நாம் அறிந்ததில்லை.

சென்ற மாதம் அதே வினாவை நேரிலேயே கேட்டான் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன். தந்தையார் கடற்றொழிலாளி. மகன் எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி ஓர் அலுவலகத்தில் அமர்ந்துவிட்டால், தாம் பட்ட அலைச்சல் தம்மோடு முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அது தவறான எண்ணம் என்று யார் சொல்ல முடியும்? பையனோ, "சேர், எனக்கு எழுதத்தான் விருப்பம். ஆனால் எதைப்பற்றி எழுதுவது? எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்றான்.

முதல் வினாவைவிட இந்த இரண்டாம் வினாவே எம்மை உறுத்தியது. "தம்பி, வருகிற சனிக்கிழமை கற்பிட்டிக்குப் போவோம். விடை அங்கே இருக்கிறது" என்றோம்.

பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கே செல்லும் வீதி, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் நிலத்தின்மேல் ஓடுகிறது. உப்பளங்கள், தென்னந்தோப்புகள், மணலிலே கிணற்று நீர் இறைத்து வளர்த்த வெங்காயப் பாத்திகள், மீனவர் வாடிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. வழியிலே தலவில அன்னம்மாள் ஆலயம். முடிவிலே, ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டு தொடங்கி 1676 ஆம் ஆண்டு கட்டி முடித்த கோட்டை.

கோட்டைக்கு அண்மையில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, "சைமன் காசிச்செட்டி பிறந்த இடம் எது?" என்று கேட்டோம். பரிமாறிய இளைஞர் மரியாதையோடு சற்று யோசித்தார். "எந்தச் செட்டியார் கடை சேர்? இப்போதும் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். எம்முடன் வந்த மாணவன் சிரித்துவிட்டான். "நீயும் அவரை அறியாய் அன்றோ? ஆகவே சிரியாதே" என்று சொல்லி, அந்த மேசையிலேயே அவர் வரலாற்றைத் தொடங்கினோம்.

காசிச்செட்டி 1807 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆந் திகதி கற்பிட்டியிற் பிறந்தார். கொழும்புச் செட்டிகள் எனப்படும் வணிக மரபைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அவர் பிறந்தபோது கண்டி இராச்சியம் தனியரசாகவே இருந்தது. 1815 ஆம் ஆண்டு அது வீழ்ந்தபோது அவருக்கு வயது எட்டு. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கற்றதோடு நில்லாமல், வடமொழி, போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு ஆகிய மொழிகளிலும் அவர் பயிற்சி பெற்றார் என்பர். பல்கலைக்கழகம் என்ற ஒன்று இந்நாட்டில் இல்லாத காலத்து அவர் தேடிய கல்வி இது. கப்பல்கள் வந்துபோகும் துறையிலே பிறந்தவருக்குப் பன்மொழி கேட்பது புதுமையன்று. கேட்டவற்றைக் கற்றுக்கொள்ள முனைந்ததே புதுமை.

அவர் எழுத்தாளராகிப் பின்னர் வேலை தேடியவர் அல்லர். இளமையிலேயே அரசாங்க சேவையிற் புகுந்து, புத்தளத்தில் மணியகாரராகப் பொறுப்பேற்றார். மணியகாரர் வேலை என்பது நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடும் வேலையன்று. ஊர், குளம், துறை, வரி, வழக்கு, குடிகள் என்று எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைக் கடமை முடிந்ததும் கழற்றி வைக்காமல், தாளில் எழுதத் தலைப்பட்டார் காசிச்செட்டி.

அதன் பயனாக 1834 ஆம் ஆண்டு கோட்டையிலுள்ள கிறிஸ்தவ மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது 'சிலோன் கசற்றியர்' என்னும் நூல். (இங்குக் கோட்டை என்றது கொழும்புக்கு அண்மையிலுள்ள ஊரை.) இலங்கையின் மாகாணங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் முதலியவற்றை அகரவரிசையில் அடுக்கி விவரிக்கும் நூல் அது. தீவு முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் வந்து பத்தொன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆளுகிறவர்களே நாட்டை முற்றாக அறியாதிருந்த காலத்தில், நாட்டின் விவரத்தை அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுத்தவர் கற்பிட்டியிற் பிறந்த ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இதைக் கேட்டதும் மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

1833 ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற சட்டநிரூபண சபையில் தமிழருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவர் மறைந்தபின், 1838 ஆம் ஆண்டு காசிச்செட்டி அவ்விடத்தைப் பெற்று 1845 வரை வகித்தார். பின்னர் இலங்கைச் சிவில் சேவையில் நியமனம் பெற்றார். அச்சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். 1841 ஆம் ஆண்டு 'உதயாதித்தன்' என்னும் தமிழ் மாத இதழொன்றையும் நடத்தினார்.

இத்தனை அலுவலுக்கும் இடையில் அவருடைய பொழுதுபோக்கு யாது? சிலர் வேட்டைக்குப் போவர், சிலர் சீட்டாடுவர். காசிச்செட்டி மனிதரைப் பற்றிக் கேட்டு எழுதினார். பரவர் குலத்தின் தோற்றத்தையும் வரலாற்றையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1837 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஆசியவியற் சங்க இதழில் வெளிவந்தது. அச்சங்கத்தின் இலங்கைக் கிளை 1845 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபின், அதன் இதழிலும் எழுதினார். ஊராரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ரொடியர் என்னும் மக்களின் வாழ்க்கையையும் அவர்கள் பேசும் சொற்களையும் குறித்து வைத்தார். முஸ்லிம்கள் போற்றும் சீறாப்புராணத்தை ஆராய்ந்து எழுதினார். பிறப்பாலும் சமயத்தாலும் தமக்கு அயலாரானவர்களின் வாழ்வும் இலக்கியமும் எழுதத்தக்கவை என்று அவர் கருதினார். புத்தளக் கரையிலே பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இவ்வுள்ளம் வாய்த்ததில் வியப்பில்லை.

அவருக்கு மிக விருப்பமானவை எவை என்று கேட்டால், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகள் என்று தயங்காமற் சொல்லலாம். 1859 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சாகிய 'தமிழ் புளூட்டாக்' அதற்குச் சான்று. பெரியோர் வாழ்க்கைகளை எழுதிப் புகழ்பெற்ற கிரேக்க ஆசிரியர் புளூட்டாக்கின் பெயரையே நூலுக்குச் சூட்டி, தென்னாட்டிலும் ஈழத்திலும் வாழ்ந்த புலவர்களின் சரித்திரச் சுருக்கங்களை ஆங்கிலத்தில் எழுதினார். நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1860 நவம்பர் 5 ஆந் திகதி, ஐம்பத்து மூன்றாம் வயதிற் காலமானார்.

அந்நூலிற் பிழைகள் இல்லையா? உண்டு. கர்ணபரம்பரைக் கதைகள் வரலாறாக நிற்கும் இடங்கள் உண்டு. காலக் கணக்குகள் இன்று ஒப்புக்கொள்ள முடியாதவை. ஆனால், அவர் எழுதிய ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. சிலப்பதிகாரம் அவர் பதிப்பாக வெளிவந்தது 1892 இல். புறநானூறு 1894 இல். ஏட்டுச் சுவடிகளும் செவிவழிச் செய்திகளுமே பெரும்பாலும் கைவிளக்காக இருந்த நாளில் ஒருவர் முன்னே நடந்தார் என்றால், அவர் கால் இடறிய இடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நன்றியாகாது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 ஆம் ஆண்டு தமிழிலே 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதியபோது, இந்நூல் அவருக்குத் துணையாயிற்று. 1946 ஆம் ஆண்டு தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு அது மீண்டும் கொழும்பில் அச்சாயிற்று. முன்னவர் விட்ட பிழையைப் பின்னவர் திருத்துவதற்கும் முன்னவர் எழுதிவைத்திருக்க வேண்டுமன்றோ!

"சேர், இவர் தூரதேசங்களுக்குப் பிரயாணம் செய்திருக்கிறாரா?" என்று கேட்டான் மாணவன்.

தூரதேசத்திலிருந்து இக்கரைக்கு வந்து எழுதியவர் உண்டு. 1344 ஆம் ஆண்டு, மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பத்தூத்தா இக்கரையில் இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று குறித்த ஊர் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், அம்மன்னர் பாரசீக மொழி அறிந்திருந்ததையும், கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும் அவர் எழுதிவைத்தார். எங்கிருந்தோ வந்தவர் சில நாளிற் கண்டதை எழுதினார். இங்கே பிறந்தவர் வாழ்நாள் முழுவதும் கண்டதை எழுதினார். எழுதுவதற்குத் தூரம் வேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கும் கண் வேண்டும். இதையே அவனுக்குச் சொன்னோம்.

திரும்பும் வழியில் அவன் நெடுநேரம் பேசவில்லை. பாலாவியை நெருங்குகையில் மெதுவாகச் சொன்னான்: "அம்மாவின் ஊர் சிலாபத்துக்குத் தெற்கே, சேர். அம்மம்மா தமிழிலேதான் செபம் சொல்வா. மாமாவின் பிள்ளைகளுக்கு அது விளங்காது. அவர்கள் சிங்களத்திலே படித்தவர்கள்."

இது ஒரு வீட்டுக் கதையன்று. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையோர ஊர்களிற் பல, சென்ற நூற்றாண்டில் பள்ளிக்கூட மொழி மாறியபோது வீட்டு மொழியையும் மாற்றிக்கொண்டன. பாட்டியின் பேச்சைப் பேரப்பிள்ளைகள் பாதியே அறிவர். இதை எவர்மீதும் குற்றமாகச் சுமத்த நாம் விரும்பவில்லை. சிங்களமும் நம் அயலாரின் இனிய மொழியே. காசிச்செட்டியும் அதை விரும்பிக் கற்றார். ஆயினும், ஒரு மொழி வீட்டைவிட்டுப் போகும்போது தனியே போவதில்லை. காற்றுக்கும் நீருக்கும் மீனுக்கும் வலைக்கும் வைத்த பெயர்களையும் கையோடு கொண்டு போய்விடுகிறது. கச்சான் எது, வாடை எது, கொண்டல் எது, சோளகம் எது என்று காற்றைப் பெயர்சொல்லி அழைத்தவர்கள் மறைந்தால், காற்று வீசும்; பெயர் இராது.

"அம்மம்மாவுக்கு என்ன வயது?" என்றோம்.

"எண்பத்து மூன்று."

"அப்படியானால், எதைப்பற்றி எழுதுவது என்று இனி நீ எம்மைக் கேட்கலாகாது" என்றோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. சென்ற வெள்ளிக்கிழமை அவன் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். பன்னிரண்டு பக்கங்கள் நிறைந்திருந்தன. மீன்களின் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், கரைவலை இழுக்கும்போது மண்டாடி கொடுக்கும் குரல்கள், கரையில் ஒவ்வோரிடத்துக்கும் உள்ள பெயர்கள். அம்மம்மாவின் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்து, பின்னர் கேட்டு எழுதியிருந்தான். ஓரிடத்தில் ஒரு சொல்லுக்கு எதிரே வினாக்குறி இட்டிருந்தான். "இந்தச் சொல்லுக்குப் பொருள் அம்மம்மாவுக்கே மறந்துவிட்டது, சேர். தன் தகப்பனார் சொல்லுவாராம்" என்றான். நாமும் அறியோம். அந்த வினாக்குறி அங்கேயே இருக்கட்டும் என்றோம்.

தந்தையார் என்ன சொன்னார் என்று வினவினோம். மூன்றாம் பக்கத்திலே எழுதியிருந்த இரண்டு மீன்களின் பெயர்கள் மாறிப்போயிருந்தனவாம். அவரே கொப்பியை வாங்கித் திருத்தினாராம். திருத்தியபின், "பரீட்சைக்கும் படி" என்று மட்டும் சொன்னாராம்.

தந்தையார் சொன்னது சரியே. காசிச்செட்டியும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர்தாம். அவர் தமிழரின் குலங்களையும் வழக்கங்களையும் இலக்கியத்தையும் பற்றி எழுதியவை நூலுருவிற் கொழும்பில் வெளிவந்தது 1934 ஆம் ஆண்டில். அவர் மறைந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின்! எழுதுகிறவன் காணாத வாசகன் ஒருவன் எங்கோ இருக்கிறான். அவனுக்காக எழுதிவைப்பது ஒருபோதும் வீணாவதில்லை.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால், அவர் அருகே சென்று அமருங்கள். அவர் சிறுவயதில் வழங்கிய ஒரு சொல்லைக் கேட்டு, பொருளையும் கேட்டு, ஒரு தாளிற் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு இன்னொன்று கேட்கலாம்.