மைலேஜ் காற்றில் வராது

பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு யோசனை தவறாமல் வரும். “கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு வெளியில விக்கிற இன்டேக் மாட்டுங்க, லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்.” இன்டேக் என்பது இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும். ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர், தார் வைத்திருக்கும் பலர் இதை நம்புகிறார்கள். இந்த வியாபாரம் வேர்விட்ட அமெரிக்காவில் பிக்கப் ட்ரக், எஸ்.யூ.வி. உரிமையாளர்கள் நீண்ட காலமாக நம்பிவருகிறார்கள். அங்கே ஒரு இன்டேக் செட்டுக்கு 300 முதல் 500 டாலர் வரை கொடுக்கிறார்கள். சத்தத்துக்காகவோ அழகுக்காகவோ வாங்கினால் அது அவரவர் விருப்பம். மைலேஜுக்காக வாங்கினால் அது ஏமாற்றம். இன்றைய வண்டிகளில் இன்டேக்கை மாற்றிச் சொல்லிக்கொள்ளும்படி எரிபொருளை மிச்சப்படுத்த முடியாது.

விற்பவர்கள் சொல்லும் காரணம் கேட்க எளிமையானது. மனிதனுக்கு மூச்சு எப்படியோ அப்படித்தான் இன்ஜினுக்குக் காற்று. அடைப்பை நீக்கினால் வண்டி சுளுவாக ஓடும், குறைவாகக் குடிக்கும் என்பார்கள். உவமை நன்றாக இருக்கிறது என்பதற்காக அது நிரூபணம் ஆகிவிடாது. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் போதும், இந்த வாதம் நிற்காது.

பெட்ரோல் இன்ஜினில் அதைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் கால். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்பக் காற்றுப் பாதையில் இருக்கும் த்ராட்டில் திறக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அது பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். வெளியே காற்றழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். த்ராட்டிலைத் தாண்டியதும் அது ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அதே நேரத்தில் ஃபில்டரில் இழக்கும் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கலைக்கூடத் தொடுவதில்லை. அந்தச் சிறு தடையை நீக்கினால் என்ன ஆகும்? அதே வேகத்தில் போக த்ராட்டில் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போகும் காற்றும் அதேதான், செலவாகும் பெட்ரோலும் அதேதான்.

‘குளிர்ந்த காற்று’ என்று சொல்லி விற்பது இன்னும் தவறு. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் செறிவு அதிகம் என்பது உண்மை. ஆனால் சென்சார் அதை அளந்து சொன்னதும், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதம் குலையாதபடி இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இதனால் சக்தி கொஞ்சம் கூடலாம். கூடுதல் சக்தி கூடுதல் பெட்ரோலில்தான் வருகிறது. பாதி மிதியில் ஓடும் பெட்ரோல் வண்டியில் கதை நேரெதிர்: காற்று வெதுவெதுப்பாக இருந்தால் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கும், காற்றை இழுக்க இன்ஜின் வீணாக்கும் உழைப்பு குறையும். போதாததற்கு, பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டப்படும் கூம்பு ஃபில்டர் இன்ஜின் சூட்டில் காய்ந்த காற்றையே இழுக்கிறது. கம்பெனி கொடுத்த குழாயோ பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் எடுத்துவருகிறது.

டீசலுக்கு இது பொருந்தாதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டீசல் இன்ஜினில் காற்றைத் த்ராட்டில் கட்டுப்படுத்துவதில்லை. எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை வைத்தே சக்தி தீர்மானமாகிறது. ஆனால் அந்தக் காரணத்தாலேயே டீசல் இன்ஜினுக்குக் காற்றுப் பஞ்சம் கிடையாது. எரிப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் காற்றோடுதான் அது எப்போதும் ஓடுகிறது. சாதாரண ஓட்டத்தில் பல நேரம் இரண்டு மடங்குக் காற்று இருக்கும். அதற்கு மேல் டர்போ வேறு காற்றை அழுத்தித் தருகிறது. இழப்பைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். சுமையேற்றி ஓடும் லாரி இன்ஜினில் பிஸ்டன் செய்யும் வேலையைச் சராசரி அழுத்தமாகச் சொன்னால் சுமார் 1000 கிலோபாஸ்கல். நல்ல நிலையில் உள்ள ஃபில்டரில் இழப்பு ஒன்று, இரண்டு கிலோபாஸ்கல். ஃபில்டரையே முழுதாக எடுத்து எறிந்தாலும் மிச்சமாவது 0.1, 0.2 சதவீதம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் டீசல் எஸ்.யூ.வி.க்கு அதே சதவீதத்தை வைத்தால் அது அதிகபட்சம் இரண்டரை லிட்டர் டீசல்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நவீன பெட்ரோல் கார்களின் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டுச் சோதித்தார்கள். வேகமெடுக்கும் திறன் குறைந்தது. மைலேஜ் குறையவில்லை. டர்போ டீசல் வண்டிகளில் முடிவு வேறாக இருக்கலாம் என்று எதிர்பார்த்து மூன்று வண்டிகளைத் தனியாகச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். அங்கும் ஃபில்டர் அடைப்பால் எரிபொருள் செலவில் பெரிய மாற்றம் இல்லை. அடைத்தபோதே மைலேஜ் குறையாத வண்டியில், அடைப்பே இல்லாத ஃபில்டரைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் மைலேஜ் எங்கிருந்து கூடும்? எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவுக்கு மைலேஜைக் கூட்டியது அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் மக்களை எச்சரித்தது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. கார்புரேட்டர் காலத்து அம்பாசடரிலும் ஃபியட்டிலும் காற்றை அளக்க சென்சார் கிடையாது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். பெட்ரோல் அதற்கேற்பக் குறையாது. கருப்புப் புகை வரும், செலவு கூடும். அன்று ஃபில்டரைச் சுத்தம் செய்த மெக்கானிக் சொன்னது சரி. அந்தக் காலத்து உண்மையைத்தான் இன்று இன்ஜெக்டரும் இ.சி.யூ.வும் உள்ள வண்டிக்கு விற்கிறார்கள்.

“நானே மாட்டிப் பார்த்தேன், கூடியதே” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது வேறு. பல ஆயிரம் ரூபாய் செலவழித்தவர் அடுத்த சில வாரங்கள் பொறுமையாக ஓட்டுவார். புதிய இன்டேக்கின் உறுமல் காதில் விழும்போது லேசாக மிதித்தாலே வண்டி பாய்வதாகத் தோன்றும். டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண் ஒரு கணிப்புதான். டேங்க் நிரப்பிப் பார்க்கும் கணக்கில் பம்ப் எந்த இடத்தில் நின்றது என்பதே சில சதவீதத்தை மாற்றிவிடும். காற்றின் திசை, ஏ.சி., பாரம், நெரிசல் இவை ஒவ்வொன்றும் அதைவிடப் பெரியவை. 0.2 சதவீத மாற்றத்தை வீட்டு வாசலில் யாராலும் அளக்க முடியாது. அளந்ததாகச் சொல்லப்படும் பத்து சதவீதத்தில் இன்டேக்கின் பங்கு கிடையாது.

கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாத ரகசியமா இது? எரிபொருள் சிக்கன விதிகளை எட்டுவதற்காகக் கம்பெனிகள் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கோடிகளைக் கொட்டுகின்றன. 2015 மாடல் எஃப்-150 பிக்கப்பின் எடையை 300 கிலோவுக்கும் மேல் குறைக்க ஃபோர்டு நிறுவனம் பாடி முழுவதையும் அலுமினியத்துக்கு மாற்றியது. ஒரு குழாயும் ஒரு ஃபில்டரும் பத்து சதவீதம் தருமென்றால் இத்தனை பாடு எதற்கு? கலிஃபோர்னியாவில் இன்டேக் விற்க மாநிலக் காற்றுவள வாரியத்தின் உத்தரவு எண் வேண்டும். அந்த எண் சொல்வது புகை மாசு அதிகரிக்காது என்பதை மட்டும்தான். மைலேஜைப் பற்றி அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

பணம் வீணானதோடு போயிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஏர் ஃபில்டரின் முதல் வேலை தூசியைத் தடுப்பது. காற்றை எளிதாக விடுவதற்காக ஃபில்டரின் கண்ணைப் பெரிதாக்கினால் தூசியும் எளிதாகப் போகும். 99.9 சதவீதம் தடுக்கும் காகித ஃபில்டர் ஒரு கிலோ தூசியில் ஒரு கிராமை உள்ளே விடுகிறது. 98 சதவீதம் தடுக்கும் ஃபில்டர் 20 கிராமை விடுகிறது. அச்சில் பார்த்தால் இரண்டு எண்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்ஜினுக்கு அது இருபது மடங்கு. நம் சாலைத் தூசியில் இருக்கும் சிலிகா மணல் டர்போவின் இறக்கையை அரிக்கும், சிலிண்டர் லைனரைக் கீறும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்களில் எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரிலும் அது படியக்கூடும். மைலேஜ் தேடி மாட்டியதே மைலேஜைக் கெடுக்கக்கூடும்.

எரிபொருள் உண்மையில் போகும் வழிகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி எல்லா டயரிலும் ஒரே ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். இன்டேக் தரக்கூடிய அதிகபட்சமே அவ்வளவுதான்! கூரைமேல் பெட்டி கட்டினால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை போகும். சீறிக் கிளம்பி சடாரென்று பிரேக் அடிக்கும் ஓட்டத்தில் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை இழக்கலாம். லாரிகளிலும் இதே கதைதான். 2017-இல் அமெரிக்காவில் நடந்த ‘ரன் ஆன் லெஸ்’ ஓட்டத்தில் ஏழு டிரெய்லர் லாரிகள் உண்மையான சரக்கோடு ஓடி, சராசரியாக லிட்டருக்கு 4.3 கிலோமீட்டர் தந்தன. அந்த நாட்டு லாரிகளின் பொதுச் சராசரி அப்போது 2.7. அந்த வித்தியாசம் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்திலும், உருளும் தடை குறைந்த டயரிலும், சரியான கியர் அமைப்பிலும், ஓட்டுநரின் பக்குவத்திலும் கிடைத்தது.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக டீசலே பெருஞ்செலவாக இருக்கும் நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர்களுக்கு, ஒன்று சொல்கிறேன். கம்பெனி சொன்ன ஃபில்டரைச் சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். இன்ஜின் நீண்ட நாள் உழைக்க அது வேண்டும். மைலேஜ் கூடும் என்று யாராவது இன்டேக் விற்க வந்தால், எந்த ஆய்வகத்தில் யார் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை அந்தப் பணத்தை நல்ல டயருக்கும், டயரில் காற்று பார்க்கும் கருவிக்கும், நிதானமாக ஓட்டும் டிரைவரின் சம்பளத்துக்கும் கொடுங்கள்.