கெடுப்பது வண்டன்று, புழுவே

வீட்டுப் பூச்சிகளைப் பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கும் பணி அண்மையில் எனக்கு வாய்த்தது. மூலத்திலிருந்த பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கம்பள வண்டு' என எழுதினேன். எழுதிய பின்னரே அப்பெயரின் குறை புலனாயிற்று. கம்பளம் விரிக்காத இல்லத்தார் இப்பூச்சி தமக்கு உரியதன்று என எண்ணுவர். கம்பளம் உடையவரோ சன்னலருகே ஊரும் வண்டைக் கொல்வதோடு அமைதியடைவர். இரண்டும் பிழை. சேதம் விளைப்பது வண்டன்று; அதன் புழுவே. இவ்வுண்மையை விளக்காமல் நஞ்சு தெளிக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறுதல் தகாது என்பதே என் கருத்து.

இவ்வண்டு டெர்மெஸ்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தானியக் கிடங்குகளில் களப்பணியாளர் நன்கறிந்த கப்ரா வண்டும் இக்குடும்பத்ததே. வளர்ந்த வண்டு 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உடையது. பூக்களின் மகரந்தத்தையும் தேனையும் உண்பது. ஒளியை நாடிச் சன்னலுக்கு வருவது. புழுவின் இயல்போ நேர்மாறானது. மயிரடர்ந்த அப்பழுப்பு நிறப் புழு இருளை நாடும். கம்பளி, பட்டு, இறகு, மயிர், தோல், இறந்த பூச்சிகளின் உடல் ஆகியவை அதன் உணவு. பருத்தியைப் பொதுவாக உண்பதில்லை. ஆயினும் வியர்வையோ உணவுக் கறையோ படிந்த துணியைக் கடிக்கும். புழுப்பருவம் பல மாதங்கள் நீடிக்கும்; சிலவேளை ஓராண்டையும் கடக்கும்.

தில்லியில் ஹோலிப் பண்டிகையை ஒட்டிக் கம்பளி உடைகளைப் பெட்டியிலிட்டு மூடுவர். தீபாவளிக்குப் பின்னரே திறப்பர். அவ்வேழெட்டு மாதங்களும் புழுவுக்கு இருளும் உணவும் தடையின்றிக் கிடைக்கின்றன. இவ்வாறே எங்கள் இல்லத்தில், என் தாயார் விட்டுச்சென்ற சால்வை ஒன்று சல்லடையாயிற்று. அறையெங்கும் மருந்து தெளித்தோம், பயனில்லை. சுவரின் காற்றுத் துளையில் புறாக்கள் கட்டிக் கைவிட்ட கூட்டை ஒருநாள் அகற்றியபோது, இறகுகளுக்கிடையே புழுக்களும் அவை உரித்த சட்டைகளும் குவிந்து கிடக்கக் கண்டோம். ஊற்றுக்கண் அங்கிருக்க, நாங்கள் தரையை நனைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதற்கடமை தேடுதலே. கைவிட்ட பறவைக் கூடு, அலமாரியின் பின்புறம், கட்டிலின் அடி, விளக்கு மூடியில் வீழ்ந்து கிடக்கும் பூச்சிகள் ஆகியவற்றை முதலில் அகற்றவேண்டும். இடுக்குகளைப் பெருக்கிக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே சேர்க்கவேண்டும். கம்பளி உடைகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, நன்கு உதறி, இறுக மூடும் பெட்டியில் வைத்தல் நலம். துவைக்கவியலாத சிறு பொருள்களைப் பாலித்தீன் பையில் கட்டி, உறைநிலைக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் இரு வாரம் வைத்திருந்தால் புழு மடியும்.

விரைந்து பயன்தரும் மருந்தையே மக்கள் வேண்டுகின்றனர் என்பார் உளர். உண்மையே, ஆயினும் அம்மருந்தின் இயல்பையும் கூறவேண்டாமா? அந்துருண்டையின் ஆவி இறுக மூடிய பெட்டியில்தான் பயன்படும். திறந்த அலமாரியிலிட்டால் புழு சாகாது. ஆவி நம் மூச்சில் கலக்கும். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். கிடங்குகளுக்குரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டில் வைப்பதோ உயிருக்கே கேடு.

ஆசிரியர்களுக்கு இப்பாடம் பள்ளியிலேயே கிடைக்கும். பூச்சிப் பெட்டியில் ஊசியின் அடியில் நுண்பொடி படிந்திருந்தால் அது இப்புழுவின் வேலை. லின்னேயசு 1761இல் இவ்வினங்களுள் ஒன்றுக்குக் 'காட்சிசாலைக்குரியது' எனப் பொருள்படும் பெயரையே இட்டார். அப்பெட்டியை உடனே எறிந்துவிடாமல், புழுவையும் அது உரித்த சட்டையையும் உருப்பெருக்காடியில் மாணவர்க்குக் காட்டுக. கண்ட மாணவன் தன் வீட்டுப் பெட்டியடியில் அதைத் தேடுவான்.

பெயரை மாற்றவும் முயன்றேன். 'கம்பளிப் புழு' என்றால் மரத்தில் ஊரும் மயிர்ப்புழுவையே நம் மக்கள் கருதுவர். ஆதலின் பழைய பெயரையே வைத்து, அதனடியில் ஒரு வரி சேர்த்துள்ளேன்: 'கெடுப்பது இதன் புழு, அது இருளில் உள்ளது.' களத்திலும் வகுப்பிலும் பேசுவோர் அவ்வரியை முதலிற் கூறி, மருந்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவாராக.