டீசல் ஜீப்பா, பெட்ரோல் ஜீப்பா? கடன் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்!



மஞ்சள் காசு கைக்கு வந்ததும் நம்மவர்கள் ஜீப் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பு சொல்லலைங்க. ஆனைகட்டி, தாளவாடிப் பக்கம் ஒரு மழை பெய்தால் இட்டேரியில் பால் கேனோடு மொபெட் போகாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அங்கே ஆடம்பரம் அல்ல. ஆனால் "டீசல்தானுங்க சிக்கனம்" என்று கண்ணை மூடிக்கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் உண்மை. 2012 மே கடைசியில் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! 2013 ஜனவரி முதல் டீசலை மாசம் 50 பைசா போல ஏற்ற அனுமதித்தார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு நம் பக்கம் பெட்ரோல் 101ஐயும் டீசல் 93ஐயும் ஒட்டி நின்றது. 32 ரூபாய் இருந்த இடத்தில் 8 ரூபாய்.

அந்த விலையில் கணக்குப் போடுவோம். காட்டுப் பாதையில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் வண்டி 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் மிச்சம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் 18,000 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்திருந்தால், நூற்றுக்குப் பத்து வட்டியிலேயே 15,000 போய்விடும். மீதி 3,000 ரூபாய். அசல் எப்போது அடைவது?

நானே பட்டவன்தான். 2013இல் ஒறம்பரை பேச்சைக் கேட்டுக் கடனில் ஒரு பழைய டீசல் ஜீப் எடுத்தேன். பம்பும் இன்ஜெக்டரும் பார்த்ததில் ஒரு போகத்துக் காசு போச்சு. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்!

2020 ஏப்ரலில் வந்த பாரத் 6 விதிக்குப் பிறகு புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. தோட்டத்துக்கும் சொசைட்டிக்கும் மெதுவாக ரெண்டு மைல் ஓட்டி நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நல்ல ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டினால்தான் கரி எரியும். அந்தச் சமயத்தில்தான் மாருதி டீசல் காரையே நிறுத்தியது. 2023இல் வந்த அவர்களுடைய ஜிம்னி பெட்ரோல் மட்டும்தான். மகிந்திரா தார் இரண்டிலும் வருகிறது.

வால்பாறை, கொல்லிமலைப் பாதையில் தினமும் பாரம் ஏற்றி வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு டீசல்தான் கட்டும். குறைந்த சுற்றிலேயே நின்று இழுக்கும், ஓடும் தூரமும் அதிகம். நாலு ஏக்கர்க்காரருக்குப் பெட்ரோல், அல்லது ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு வண்டி. இது என் அபிப்ராயம்.

ஜீப்புக்காவது இதுவா அதுவா என்று யோசிக்கலாம். டிராக்டருக்கு? டீசலை விட்டால் நமக்கு வழி இல்லை. அங்கேதான் கை வைக்கிறார்கள்! 2021 பிப்ரவரியில் விவசாயக் கட்டமைப்பின் பேரைச் சொல்லி ஒரு செஸ் போட்டார்கள்: பெட்ரோலுக்கு 2.50 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய். மற்ற வரியைக் குறைத்து ஈடுகட்டியதால் அன்றைக்கு விலை ஏறவில்லை, உண்மைதான். ஆனால் செஸ் பணத்தில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. டூவீலர்க்காரர்களை நினைத்துப் பார்த்தார்கள், சந்தோஷம். உழவு ஓட்டுகிற டீசலை நினைக்கவில்லையே? டீசல் வரிக்குள் ரோடு செஸ்ஸும் சேர்ந்திருக்கிறது. சேற்றுக்குள் உழுகிற டிராக்டர் எந்த ரோட்டைத் தேய்க்கிறது?

இங்கிலாந்தில் விவசாயத்துக்கென்று சிவப்புச் சாயம் கலந்து, வரி குறைத்து டீசல் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் விவசாய டீசல் சலுகையில் கை வைத்ததும் 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பெர்லினுக்குள் புகுந்தன.

டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் ஊற்றுகிற டீசலுக்கு ரோடு செஸ் வேண்டாம், கட்டிய செஸ்ஸைப் பாஸ் புத்தகத்தைப் பார்த்து வங்கிக் கணக்கில் திருப்பிக் கொடு என்பதே நம் கோரிக்கை. அடுத்த கிராமக் கூட்டத்துக்கு வரும்போது இந்தப் போகத்து டீசல் பில்களைக் கையோடு கொண்டு வாருங்கள். பில் இல்லாதவர்கள் உழவு வாடகைச் சீட்டையாவது எடுத்து வாருங்கள். மனுவோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.